பேசிக்கொள்ளாதவர்களின் குழு

எங்கள் தெருவில் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அனுமதி கேட்கிறார்கள். அதையும் வாசலில் வந்து நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். கைபேசி சிணுங்கும். "இப்போது உன் கதவைத் தட்டலாமா?" என்று செய்தி வந்திருக்கும். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்து வீட்டு ஜேனட் தூறலில் நனைந்தபடி, என் பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "தட்டலாம்" என்று அனுப்புவேன். தட்டுவாள். யாரோ எதிர்பாராமல் வந்துவிட்டதைப் போல நான் முகத்தை மாற்றிக்கொண்டு போய்த் திறப்பேன். அவளும் திடீரென்று வந்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்பாள். இந்த நாடகத்தை ஆறு வருடமாக நாங்கள் இருவரும் சிரிக்காமல் நடத்தி வருகிறோம்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு முன்கதவு என்று ஒன்று இருந்தது உண்மை. அது தபால்காரருக்கும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்களுக்கும் மட்டும்தான். தெருக்காரர்கள் பின்பக்கமாக வந்து, நேரே அடுப்படிக்குள் நுழைந்து, மீன்சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் சாளைதானா" என்று கேட்ட பிறகுதான் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார்கள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து வந்தவள், வட இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஒரு சிற்றூரில், அடுத்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்களா என்பதைக் குப்பைத் தொட்டி நகர்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. என் கணவருக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. இரண்டு வாரம் கடலில் இருப்பார், இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். வீட்டில் இருக்கும் வாரங்களில் பெரும்பாலும் தூங்குவார். எனக்குப் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. அங்கே உருளைக்கிழங்கோடு பேசலாம்.

ஜேனட் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வட்டாரத்தின் நெய்பர்ஹுட் டீமை நடத்துகிறவள். சிரமத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தாரே சேர்ந்து கைகொடுக்கிற குழு அது. நான் வந்த முதல் குளிர்காலத்தில், புதன்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் கூடுகிறோம், நீயும் வாயேன் என்று கூப்பிட்டாள். ஊரில் மாதா கோயில் அன்பியத்தில் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, வருடக்கணக்காகத் தலைவி. எங்கள் பக்கத்தில் ஒரு தெருவிலுள்ள வீடுகள் சேர்ந்து ஜெபிக்கவும் ஒருவருக்கொருவர் உதவவும் வைத்திருக்கும் சிறு குழுதான் அன்பியம். தலைமை தாங்குவது எங்கள் குடும்பத்தின் வியாதி. என் திறமையை இவர்கள் ஒரு மாதத்திலேயே கண்டுகொண்டார்களே என்ற பெருமையோடு மீன் கட்லெட் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அறையில் எல்லோரும் என்னிடம் மிகுந்த கனிவோடு பேசினார்கள். "ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். எப்படி வந்து சேர்ந்தாய் என்று கேட்பதாக நினைத்து, "பஸ்ஸில்" என்றேன். அவர்கள் இன்னும் கனிவானார்கள். அடுத்த புதனும் அதையே கேட்டார்கள். இவர்களுக்குப் போக்குவரத்தில் இவ்வளவு அக்கறையா என்று எண்ணி, அன்று நடந்தே வந்ததாகச் சொன்னேன். ஜேனட் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கட்லெட்டும், ஊரிலிருந்து வந்த மக்ரூனும் அந்த அறைக்குப் போயின. முட்டை வெள்ளையையும் முந்திரியையும் அடித்துச் சுடுகிற எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன், வாயில் வைத்ததும் கரைந்துவிடும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள். நான் ஒவ்வொருவர் வீட்டு விஷயத்தையும் கேட்டு, எனக்குத் தெரிந்த அறிவுரைகளைத் தாராளமாக வழங்கினேன். குழுவிலேயே நான்தான் சுறுசுறுப்பானவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வசந்தம் வந்ததும் ஜேனட் ஒரு நாள் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ரீட்டா, நீ அருமையாக முன்னேறிவிட்டாய். உன்னை சைன் ஆஃப் செய்யலாம் என்று நினைக்கிறோம்" என்றாள். எங்கள் அண்ணன் கப்பல்காரர். சைன் ஆஃப் என்றால் எங்கள் வீட்டில் ஒப்பந்தம் முடிந்து ஆள் ஊருக்கு வரப்போகிறார் என்று அர்த்தம். அன்றைக்குக் கோழி அடிப்போம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை எதற்கு ஊருக்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன். அவள் திகைத்தாள். அப்புறம் மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தக் குழு ஆதரித்து வந்த குடும்பங்களில் ஒன்று நான்தானாம். புதிதாக வந்தவள், கணவன் பாதி நாள் கடலில், மொழியில் தடுமாற்றம், தனிமை. கெட்டிங் ஆன் என்று கேட்டது எப்படிச் சமாளிக்கிறாய் என்பதைத்தானாம், சைன் ஆஃப் என்றது இனி எனக்கு அவர்கள் உதவி வேண்டியதில்லை என்பதைத்தானாம். கட்லெட்டையெல்லாம் நான் நன்றியினால் கொண்டுவருவதாக அவர்கள் நினைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அவமானத்தில் படுத்துக் கிடந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் உதவி பெற்றிருக்கிறேன். உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் என் கையால் தின்றிருக்கிறார்கள். ஏமாந்தது யார் என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை. அடுத்த புதன் அதே அறைக்குப் போய், இப்போது என்னை நிஜமாகவே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்துக்கொண்டு பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் ஒன்றுதான் மனதில் நின்றது. உனக்கு என்ன தோன்றுகிறது என்பதைத் தூக்கிப் போடு. முதலில் அந்தக் குடும்பத்திடம், உங்களுக்கு எது முக்கியம் என்று கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிரு. இதில் கடைசிப் பகுதிதான் எனக்குக் கடினமாக இருந்தது.

போன வருடம் அண்ணன் கப்பலில் இருந்த நேரம். மைனி மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். துணைக்கு வா என்று கூப்பிட்டதால் இரண்டு மாத விடுப்பில் தூத்துக்குடிக்குப் போனேன். மைனியின் பெயர் பிலோமினா. கடலைப் பார்த்த தெரு. மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலையில் துறைமுகத்து நிலக்கரித் தூளோடு சாம்பல் நிறத்தில் இறங்கி வரும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மைனி பால் காய்ச்சிக்கொண்டே தெருவின் நிலவரத்தை ஒப்பித்தாள். நடுவில், பின்சந்தில் குடியிருக்கும் சேவியரைப் பற்றிச் சொன்னாள்.

சேவியர் சங்கு குளிக்கப் போகிறவன். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். அந்தக் குழாயைக் கடித்துக்கொண்டு அடியில் வெகுநேரம் சங்கு தேடலாம். ஆனால் மேலே ஏறும்போது நிதானமாக ஏற வேண்டும். ஒரு நாள் படகில் மோட்டார் மக்கர் செய்ய, காற்று விட்டுவிட்டு வர, அவன் பயந்துபோய் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். கரைக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. உயிர் தப்பியது. காலில் கொஞ்சம் உணர்வு திரும்பியும் இருந்தது. இப்போது விடாமல் பயிற்சி கொடுத்தால் நடப்பான், விட்டால் இப்படியே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். கொஞ்ச நாள் போனான். அப்புறம் நிறுத்திவிட்டான்.

அவன் மனைவி இசக்கியம்மாள் கடற்கரைப் பெண் அல்ல. தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரி. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அந்த ஊர் அவளை அனுப்பிவிட்டு மறந்துவிட்டது. எங்கள் தெரு அவளை ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. மடியில் ஒரு பெண் குழந்தை. "நேத்து அவ அடுப்பே பத்த வைக்கல ஏளா" என்றாள் மைனி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொகை வரலைல்லா. அவ வீட்டுல கேஸு தீந்து நாலஞ்சு நாளாச்சு. வெறகுதான் எரிக்கா."

"அப்போ நீங்க ஏதாவது கொடுத்து விட்டீங்களா?"

மைனி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "டீச்சர் குடுக்கான்னு சொன்னாவ. அவ குடுக்கிற வீட்டுக்கு நான் எப்படிக் குடுப்பேன்?"

டீச்சர் என்றால் அங்கன்வாடி முத்துலட்சுமி. அவள் வீட்டு முருங்கைமரக் கிளையொன்று சுவர் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. அதிலிருந்து கம்பளிப்பூச்சி விழுகிறதென்று மைனி அந்தக் கிளையை வெட்டினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. டீச்சரிடம் போய்க் கேட்டேன். "கடைக்கார அண்ணாச்சி சாமான் குடுத்து விடுதாவன்னு நெனச்சேன்க்கா" என்றாள். அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர், "ஆட்டோக்காரன் பாத்துக்கிடுதான்னு கேள்விப்பட்டேன் தங்கச்சி. அவன் இருக்கிற எடத்துல நமக்கென்ன வேலை" என்றார். ஆட்டோக்காரர் காதர் தினமும் தன் வண்டியை அண்ணாச்சி கடைக்கு முன்னால், வாழைத்தார் தெரியாதபடி நிறுத்துவார். அந்தத் தகராறு முருங்கைமரத்தைவிட மூத்தது. காதரைக் கேட்டால் அவர் மாதா கோயில் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கோயில் அன்பியத்தின் தலைவி மைனியேதான்.

அங்கே, இங்கிலாந்தில், எல்லோரும் உதவத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் குழு வேண்டும். இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அடுப்பில் புகை வராததுகூடத் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது இசக்கியம்மாள் வீட்டுக்கு நாலு பக்கமிருந்தும் பிரியாணி போகும். திங்கள் முதல் சனி வரை ஒரு பருக்கை போகாது. ஒரே நாளில் வந்து சேர்ந்த சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நாய்களுக்குப் போடுவாள். அதற்கு, "கொழுப்பைப் பாத்தியா" என்று ஒரு பேச்சும் கிளம்பும்.

எனக்குக் கை துறுதுறுத்தது. பயிற்சி பெற்றவள் அல்லவா. புதன்கிழமை நாலு மணிக்கு மைனி வீட்டில் கூட்டம் என்று நால்வருக்கும் சொன்னேன். காதர் வந்தார், ஆனால் தெருவில் ஆட்டோவுக்குள்ளேயே, எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். அண்ணாச்சி கடையை விட்டு வரமுடியாதென்று சொல்லி, கடலை மிட்டாய் கொடுத்தனுப்பினார். மைனி தன் வீடு என்பதால் அடுப்படிக்குள் இருந்துகொண்டாள். நான் கூடத்தில் விரித்த பாயில் தனியாக உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினேன். பிறகு எழுந்து சுவருக்கும் தெருவுக்கும் அடுப்படிக்குமாக ஓடினேன். மைனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பூனையைப் பார்த்துச் சொன்னாள். "மரத்துல பூச்சி இல்லன்னு சொல்லச் சொல்லு பாப்போம்" என்று பூனையிடம் சொன்னது டீச்சர் காதில் விழுந்து, கூட்டம் அத்தோடு முடிந்தது. கடலை மிட்டாயை நானே தின்றேன்.

சரி, பயிற்சியின் முதல் பாடத்துக்கே போவோம் என்று சேவியர் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோள்கள் இன்னும் முக்குளிக்கிறவனுடைய தோள்கள்தான். போர்வைக்குள் கால்கள் மட்டும் வேறு யாருடையவையோ போல மெலிந்து கிடந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, பயிற்சியில் சொன்ன அதே மென்மையோடு கேட்டேன். "சேவியர், உனக்கு இப்போ எது முக்கியம்?"

அவன் திரும்பாமலே, "நீங்க பேசாம எந்திரிச்சுப் போறதுதான் முக்கியம்" என்றான்.

பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த பதில் இப்படி இருந்தால் என்ன செய்வதென்று சொல்லித் தரவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தேன். இசக்கியம்மாள் பின்னாலேயே வந்தாள். தூக்கமில்லாத கண்கள். மெலிந்த உடம்பு. ஆனால் குழந்தைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"கோவிச்சிக்காதீங்க அக்கா. அவரு யாருட்டயும் இப்பிடித்தான் பேசுதாரு" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போக மாட்டேங்கிறான்?"

"ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி ஆட்டோவுல ஏத்தணும்லா. அண்ணாச்சி கடை முன்னாடிதான் ஆட்டோ நிக்கும். பால் வாங்க வந்த சனம் பூரா நின்னு பாக்கும். ஐயோ பாவம்பாங்க. ஒரு நாளு ஒரு அம்மா அவரு காலத் தொட்டுப் பாத்துட்டு அழுதாவ. அன்னைக்கோட நின்னுட்டாரு." பிறகு அவளே, "எனக்கு எது முக்கியம்னு நீங்க கேக்கல. கேட்டா சொல்லுவேன். ஒரு நாளைக்கு யாரும் வந்து எங்களப் பாத்துப் பாவம்னு சொல்லாம இருக்கணும். அது போதும்" என்றாள்.

கேட்க மறந்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சந்துக்குப் பின்னால் கடற்கரைப் பக்கமாக ஒரு வழி உண்டு. அந்த வழியில் ஆட்டோ வந்தால் யார் கண்ணிலும் படாமல் ஏற்றிவிடலாம். அண்ணாச்சி தன் காலி மூட்டைகளையும் பெட்டிகளையும் அங்கேதான் அடுக்கி வழியை அடைத்திருந்தார். அவர் அவற்றை எடுக்க வேண்டும். காதர் வண்டியை ரிவர்ஸில், பின்னாலேயே எடுத்து உள்ளே விட வேண்டும். அந்த நேரம் டீச்சர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது மைனி வீட்டுச் சோறு இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. பேசிக்கொள்கிற நாலு பேர் இருந்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் அவர்களுக்காக நான் பேசிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜேனட்டின் பயிற்சியில் இந்தப் பாடம் கிடையாது, அவள்மேல் பழி போட வேண்டாம். முதலில் அண்ணாச்சியிடம் போனேன். "காதர் அண்ணன் சொன்னாவ, இந்தத் தெருவுலயே நியாயமான தராசு உங்க கடைத் தராசுதானாம்" என்றேன். அண்ணாச்சி வெல்லத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டு அந்தரத்தில் நின்றது. "அவனா சொன்னான்?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டு வெல்லத்தைக் கூடுதலாகப் போட்டார். காதரிடம், "உங்க அளவுக்கு வண்டியப் பின்னால எடுக்க இந்த ஊருல ஆளு இல்லன்னு அண்ணாச்சி சொல்லுதாவ" என்றேன். டீச்சரிடம் மைனி அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்ததாகவும், மைனியிடம் டீச்சர் அவள் ஜெபிக்கும் குரலைப் புகழ்ந்ததாகவும் சொன்னேன். மைனியின் குரல் கப்பல் சங்கு மாதிரி இருக்கும். அவள் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பூனையிடம்கூடப் பேசவில்லை.

மறுநாள் பின்வழியில் மூட்டைகள் இல்லை. அதற்கு மறுநாள் காதர் அந்தக் குறுகிய சந்துக்குள் இரண்டு பக்கமும் கை நுழையாத இடைவெளியில் ஆட்டோவைப் பின்னாலேயே கொண்டுவந்து, நேராகச் சேவியர் வீட்டுப் பின்கதவில் நிறுத்தினார். "வாலே சேவியரு, ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது. வாரியா, இல்ல நான் வண்டிய இங்கனயே போட்டுட்டுத் தூங்கட்டா?" என்றார். சேவியர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அன்றிலிருந்து தினமும் போனான். டீச்சர் அங்கன்வாடியைக் கொஞ்சம் முன்னதாகத் திறந்தாள். அடுப்பில் புகை வந்தாலும் வராவிட்டாலும் மதியம் மைனியின் தூக்குவாளி சுவர் தாண்டிப் போனது. அது டீச்சர் வீட்டுச் சுவர். தூக்குவாளியை வாங்கிக் கைமாற்றி விடுகிற சாக்கில் இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்க்கும் அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்.

நான் நடையில் ஒரு மிடுக்கோடு திரிந்தேன். அது அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு நாள் காலை பெருமிதம் தலைக்கேறி அண்ணாச்சி காதரைக் கூப்பிட்டு, "ஏலே, தராசப் பத்தி நீ சொன்னதுக்கு நன்றிடா" என்றிருக்கிறார். "எந்தத் தராசு? ஒங்க தராசு கோணல்னுல்லா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன்" என்று காதர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். அப்புறம் இரண்டும் இரண்டும் சேர்ந்தது. அதே நேரத்தில் சுவரருகே மைனி தன் குரலைப் பற்றி டீச்சரிடம் நேரிலேயே கேட்டுவிட்டாள்.

நான் மாடியில் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கீழே பேச்சுச் சத்தம். இறங்கி வந்தால் கூடத்துப் பாயில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார். அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் சாத்தியவர். டீச்சர் முருங்கைமரத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்த வாசலைத் தாண்டியிருந்தாள். மைனி அவளுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டிருந்தாள். ஜேனட் பார்த்திருந்தால் படம் எடுத்திருப்பாள். நான் ஆசைப்பட்ட கூட்டம் அட்சரம் பிசகாமல் கூடியிருந்தது. பேசவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று, அது நான்.

"இங்லாந்துக்குப் போயி இதத்தான் படிச்சியா?" என்று மைனி தொடங்கினாள்.

"என் வயசுக்கு என்னை இப்பிடி ஏமாத்திட்டியே தங்கச்சி" என்றார் அண்ணாச்சி.

"அக்கா, வண்டியப் பத்தி அண்ணாச்சி சொன்னதும் பொய்தானா?" என்று காதர் கேட்டார். அவருடைய வருத்தம்தான் என்னை நிஜமாகவே தைத்தது. ஆனால் நான் பதில் சொல்லும் முன் அண்ணாச்சி குறுக்கிட்டு, "அது பொய் இல்லடே. நான் சொல்லலையே தவிர, நெசந்தான்" என்றார். காதர் தரையைப் பார்த்தார். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திட்டு மறுபடி வேகம் பிடித்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துக்கொடுத்தார்கள். இவளை ஊருக்கு அனுப்பும்வரை சேவியர் விஷயத்தில் இவள் தலையிடக் கூடாது, நாம நாலு பேரே பாத்துக்கிடுவோம் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. யார் எந்தக் கிழமை என்று பேசத் தொடங்கினார்கள். அப்போதுதான் பின்பக்கமாக இசக்கியம்மாள் வந்தாள். இடுப்பில் குழந்தை.

"கொஞ்சம் மெதுவாச் சண்டை போடுங்க. அவரு பயிற்சி முடிச்சிட்டு இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு" என்றாள்.

நால்வரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் போகவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் வீட்டுக்கு யாரு எப்ப வரணும்னு இனிமே நான் சொல்லுதேன்" என்றாள். ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னாள். "காதர் அண்ணன் காலைல வந்தாப் போதும். டீச்சர், பிள்ளைய மட்டும் விடமாட்டேன், உங்களுக்குக் கூடமாட நானும் வாரேன். பிலோமினாக்கா, சோறு வேண்டாம். அரிசியாத் தந்தாப் பொங்கிக்கிடுவேன், எனக்குப் பொங்கத் தெரியும். அண்ணாச்சி, கேஸு வாங்குததுக்கு வழி சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க வாங்கக்கா. சும்மா வாங்க. எதுவும் கேக்காதீங்க."

மைனிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சோற்றை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போய், அரிசிப் பானையைத் திறந்து, "பொன்னி தரட்டா, இட்லி அரிசி தரட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். தாமிரபரணிக்காரி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அரிசிய எங்கிட்டயா கேக்கீங்க? கொண்டாங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று எழுந்து அடுப்படிக்குள் போனாள். அதன் பிறகு மைனி அரிசி வாங்குவதற்கு முன் அவளைக் கேட்டுக்கொண்டாள்.

நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு சேவியர் கம்பை ஊன்றிக்கொண்டு கடற்கரைவரை நடந்தான். ஈர மணலில் கால் பதிய நின்றான். நான் அவன் மனைவி சொன்னபடி எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, "இனி குளிக்க எறங்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். கரையில நின்னு சங்கு தரம் பிரிக்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ" என்றான். கம்பின் நுனியால் மணலைக் கிளறினான். "அடியில கெடக்கும்போது சங்கு எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமாக்கா. மேல கொண்டாந்ததும் வெறும் சரக்காப் போயிரும்" என்றான். முழுக்க நலமாகிவிட்டான் என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். வலது கால் இன்னும் இழுக்கிறது. சில நாள் யாரோடும் பேசமாட்டான் என்று இசக்கியம்மாள் சொல்கிறாள். அன்றைக்கு அவள் காதரை வரவேண்டாமென்று சொல்லிவிடுவாள். அவரும் ஏனென்று கேட்கமாட்டார். முருங்கைமரம் இன்னும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. புதுக்கிளை ஒன்று தாண்டி வந்திருப்பதாகவும், அதைப் பற்றி மைனி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேள்வி.

இங்கே திரும்பி வந்து ஜேனட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அக்கறையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் நீயா?" என்றாள். இல்லை, என்னை நீக்கிவிட்டார்கள் என்றேன். அவள் மிகவும் வருத்தப்பட்டாள். அது எங்கள் ஊரில் நல்ல விஷயம் என்பதை எப்படி மொழிபெயர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடற்கரையில் நின்று ஒரு படம் எடுத்து தூத்துக்குடிக்காரர்களுக்கு அனுப்பினேன். இந்த ஊரிலும் கிழக்கைப் பார்த்த கடல்தான். சூரியன் தண்ணீரிலிருந்துதான் எழுகிறது. படம் போன சிறிது நேரத்தில் சேவியர் கூப்பிட்டான். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பின்னால் மைனியும் டீச்சரும் எதற்கோ வாதாடுவது கேட்டது.

"அக்கா, அங்கன என்ன காத்து அடிக்கி?" என்றான்.

காற்று அடிக்கிறது, குளிர்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்றேன். இந்த ஊரில் இதற்கு ஒரு பெயர் இருக்கும், யாரிடமும் நான் கேட்டதில்லை.

"கடலப் பாத்து நில்லுங்க. எந்தக் கன்னத்துல படுது?"

கழுத்துத் துணியை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றேன். "இடது கன்னத்துல."

"அப்போ வாடை" என்றான், தான் நேரில் பார்த்தேயிராத அந்தக் கடலைப் பற்றி. "இன்னைக்குக் கட்டுமரம் எறக்கக் கூடாதுன்னு அங்க உள்ளவங்ககிட்டச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்று கைபேசியை வைத்தேன். நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர், நல்ல காலை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். குளிர்காலத்துச் சூரியன் தெற்கே ஒதுங்கி, தாழ்வாக ஏறிக்கொண்டிருந்தது. இடது கன்னத்தில் வாடை குத்தியது. வலது கன்னத்தில் மெல்லிசாக வெயில் பட்டது.